கத்தி நிற்கட்டும், கட்டை வரட்டும்

முப்பத்தோரு வயதில் ஓய்வு பெற்றவள் என்று என்னை நானே சொல்லிக்கொண்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள். கிராம சேவிகா வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது. இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொண்டு பதினோரு ஊரைச் சைக்கிளில் சுற்ற முடியாது. அதை நானே முடிவு செய்து, என் கையாலேயே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஆகவே ஓய்வு பெற்றவர்களுக்கு உள்ள உரிமை எல்லாம் எனக்கும் உண்டு. பழைய கதை பேசுவது அதில் முதலாவது.

என் இடத்துக்கு வந்திருக்கும் பாக்கியம் போன வாரம் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, வீட்டு விறகு பிளக்க எதை வாங்கச் சொல்றது? கோடாலி வாங்கச் சொல்லவா, ஆப்பு வாங்கச் சொல்லவா? திண்டுக்கல் இரும்புக் கடையில என்னென்னமோ வச்சிருக்கான், பேரு கூடத் தெரியல" என்றாள். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில்தான். ஆனால் அந்த ஒரு வரி கிடைப்பதற்குள் என் மானம் ஊர் முச்சந்தியில் ஒரு வாரம் கிடந்தது. அதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால்தான் அவளுக்குப் பயன்படும். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன்.

எங்கள் வீடு சின்னாளப்பட்டியில் தறி வீடு. அப்பா நெய்வார், அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவாள். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அதை எதிரே வந்தவரிடமெல்லாம் சொல்லாமல் நான் விட்டதில்லை. என்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, சேர்க்கைத் தாளில் அப்பா இடது பெருவிரலை மையில் தோய்த்து உருட்டி வைத்தார். விரலில் ஒட்டிய மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெண்ணின் அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நான் சன்னல் பக்கம் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சைக்கிள் விடக் கற்றேன், விழக் கற்றேன். குழந்தையை எடை போட்டேன், எருக்குழி வெட்டினேன், புகையில்லா அடுப்புப் போடுவதில் முதல் மதிப்பெண் வாங்கினேன். அந்த மதிப்பெண்தான் பிறகு என் தலைக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது.

வேலை வடமதுரைக்குப் பக்கத்தில் கரட்டுப்பட்டியில் கிடைத்தது. பெட்டியோடு கிளம்பும்போது அப்பா தறியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார்: "ரெண்டு வருசம் பாக்குறேன் தாயி. வேலை நெலச்சுருச்சுன்னா படிப்புல ஏதோ இருக்குன்னு அர்த்தம். கமலாவையும் பெரிய பள்ளிக்கூடத்துல சேக்குறேன். நெலைக்கலைன்னா நீயும் வந்துரு, அவளும் நின்னுக்கிறட்டும். முடிச்சுப் போட ஆளு பத்தல."

கமலா என் தங்கை. அப்போது ஏழாம் வகுப்பில் நுழையப் போகிறாள். வாரத்துக்கு ஒரு கார்டு போடுவாள். அதில் எப்போதும் ஒரே கேள்விதான்: "அக்கா, உன் வேலை நிலைத்துவிட்டதா?"

நிலைப்பதும் நிலைக்காததும் முக்கிய சேவிகா மரகதம் அம்மாளின் கையில் இருந்தது. எங்களைப் போன்ற சேவிகாக்களுக்கு அவர்தான் மேலதிகாரி. வெள்ளைச் சேலை, தோல் பை, மடக்குக் குடை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு வீட்டுக்குள் போனால் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். நேரே அடுப்பங்கரைக்குப் போவார். அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். சாம்பலைக் கிள்ளிப் பார்ப்பார். பிறகுதான் "நல்லா இருக்கீங்களா?" என்பார். அதற்குள் அவருக்குத் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்திருக்கும்.

நான் கரட்டுப்பட்டியில் வீடு வீடாகப் புகையில்லா அடுப்புப் போட்டேன். செம்மண், வைக்கோல் துணுக்கு, சாணம் மூன்றையும் மிதித்து இரண்டு நாள் ஊற விடுவேன். வாழைத்தண்டைக் கிடத்தி அதைச் சுற்றி மண்ணை அப்புவேன். மண் இறுகியதும் தண்டை உருவினால் உள்ளே புகை போகிற வழி விழுந்திருக்கும். குயவரிடம் சுட்டு வாங்கிய குழாய்களை ஒன்றில் ஒன்று செருகி, கூரைக்கு மேல் ஒரு முழம் நீட்டி விடுவேன். அடுப்பு வாய் நான்கு விரல் உயரம், ஆறு விரல் அகலம். அதற்கு மேல் ஒரு விரல் கூடினாலும் புகை குழாய்க்குப் போகாமல் சமைப்பவள் முகத்துக்குத் திரும்பி வரும். அந்த அளவில் நான் மிகவும் கறார்.

முதல் அடுப்பு முத்தம்மா அக்கா வீட்டில். அவள் கணவன் சின்னக்காளை மாட்டுவண்டியில் கத்தரிக்காயும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் திண்டுக்கல் சந்தைக்குப் போய்விடுவான். ஆறு பேருக்குச் சமைக்கிற அடுப்புப் புகையில் முத்தம்மாவின் கண் எந்நேரமும் சிவந்து நீர் வடியும். "என் கண்ணு தப்பிச்சா ஒனக்குப் பொங்க வைக்கிறேன் டீச்சர்" என்றாள். ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

அடுப்புகள் எழும்பின. என் நோட்டில் வீட்டுக்கு ஒரு வரி எழுதி, எதிரே மணி மணியான கையெழுத்தில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதினேன். போட்ட அடுப்பில் சமைக்காமல் வேறு என்ன செய்யப் போகிறார்கள் என்பது என் எண்ணம். போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

என் இரண்டாவது வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது மரகதம் அம்மாள் வந்தார். முதல் வீட்டில் குழாயின் அடிவாய்க்குள் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். விரல் வெள்ளையாக இருந்தது.

"பொகைக்கொழா ரொம்பச் சுத்தமா இருக்கே சவுந்தரம். யாரு தொடச்சா?"

அடுத்த வீட்டில் புது அடுப்புக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரி மலர்ந்த முகத்தோடு, "காத்து மழை படாம நல்ல எடம்மா" என்றாள். மூன்றாவது முத்தம்மா வீடு. அங்கே அடுப்பு எரிந்தது உண்மைதான். ஆனால் அடுப்பு வாயை அவள் கடப்பாரையால் ஒரு சாண் அகலத்துக்கு இடித்து வைத்திருந்தாள். கூடம் முழுக்கப் புகை.

"எதுக்குக்கா இடிச்ச?" என்றேன். அழுகை வந்தது.

"வெறகு நொழையல டீச்சர்" என்றாள் முத்தம்மா. "நீ வச்ச வாய்க்கு எலி வாலுதான் போகும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊரில் வீட்டு விறகை யாரும் பிளப்பதில்லை. தொடைப் பருமன் கட்டையை அப்படியே அடுப்பில் வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே போவார்கள். வெஞ்சனம் வெந்ததும் வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுவார்கள். பயிற்சி நிலையத்தில் எங்களுக்குப் பிளந்த சுள்ளி அடுக்கி வைத்திருந்தது. யார் பிளந்தார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

மரகதம் அம்மாள் என் நோட்டை வாங்கினார். அந்தப் பக்கத்தைத் திறந்தார். படிக்காமலே மூடித் திருப்பிக் கொடுத்தார். "இந்தப் பக்கத்த நான் இன்னும் பாக்கல. ஒரு மாசம் கழிச்சு பி.டி.ஓ. சாரோட வாரேன். அப்பப் பாக்குறேன்" என்றார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, "ஒங்க வீட்டுல ஒரு தங்கச்சி படிக்குதுன்னு சொன்ன, இல்ல?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

விறகைப் பிளந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அதை எதால் பிளப்பது, யார் பிளப்பது என்பதுதான் கேள்வி. ஆண்கள் விடியுமுன் வண்டிக்கும் வயலுக்கும் போய்விடுகிறார்கள். ஒரு முழத் துண்டுகளாக அறுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னால் செய்வார்கள்; தினமும் பிளந்து தர மாட்டார்கள். ஆகவே பெண்கள்தான் பிளக்க வேண்டும். கோடாலி எதற்கு இருக்கிறது என்று நான் முத்தம்மாவிடம் கேட்டேன்.

"எங்க ஊருல பொம்பளை கோடாலியத் தலைக்கு மேல ஓங்க மாட்டா டீச்சர். வீட்டு ஆம்பளைக்கு ஆகாதும்பாக."

நான் சும்மா இருந்திருக்கலாம். முச்சந்தியில் பெண்களைக் கூட்டி, மூடநம்பிக்கை பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். பேச்சு நன்றாகவே இருந்தது. பிறகு சின்னக்காளையின் கோடாலியை வாங்கி, அங்கே கிடந்த புளியங்கட்டையைப் பிளந்து காட்டுகிறேன் என்று ஓங்கிப் போட்டேன். கோடாலி நாலு விரல் ஆழம் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. இழுத்தேன், வரவில்லை. காலை வைத்து மிதித்துக்கொண்டு இழுத்தேன். காம்பு படாரென்று முறிந்து, நான் காம்போடு மல்லாக்க விழுந்தேன்.

சிரிக்காமல் இருந்தவன் சின்னக்காளை ஒருவன்தான். என் பக்கத்தில் வந்து குனிந்து மிக மரியாதையாகச் சொன்னான்: "டீச்சரு, எனக்கு ஒண்ணும் ஆகல. கோடாலிக்குத்தான் ஆயிருச்சு."

ஒரு வாரம் ஊரே என்னைக் கோடாலி டீச்சர் என்றது. சைக்கிளில் போனால், "ஏலே, தள்ளி நில்லுங்கடா, டீச்சர் வருது, ஓங்கிறப் போவுது" என்பார்கள். கோடாலித் தலையோடு அந்தக் கட்டையை உருட்டிக்கொண்டு போய் முத்தம்மா தன் வாசலில் போட்டிருந்தாள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தது.

அடுத்தது ஆப்பும் சம்மட்டியும். கல் உடைக்கிறவர்களிடம் இரவல் வாங்கினேன். சம்மட்டி தூக்கினால் தோள் கழன்றது. ஆப்பை ஒருத்தி பிடிக்க வேண்டும், ஒருத்தி அடிக்க வேண்டும். பிடிக்கிறவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். மூன்றாவது அடியில் ஆப்பு துள்ளிப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்ப் பானையை உடைத்தது. அதோடு அதையும் விட்டேன். மாட்டுத் தீவனம் நறுக்குகிற மிஷினில் விறகைக் கொடுத்துப் பார்த்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

மரகதம் அம்மாள் வர இரண்டு வாரம் இருந்தது. கமலாவின் கார்டு வந்து பதில் எழுதாமல் பையில் கிடந்தது. முத்தம்மா வீட்டு அடுப்பங்கரையில் புகைக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அவள் அரிவாள்மனையில் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நல்ல முற்றல் காய். பாதி தூரம் இறங்கி அலகில் சிக்கிக்கொண்டது. அவள் அம்மிக் குழவியை எடுத்துக் காயின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். காய் இரண்டாகப் பிளந்து பலகையின் இரு பக்கமும் விழுந்தது.

அவள் கை அப்படியே நின்றது. பூசணியைப் பார்த்தாள், வாசலில் கிடந்த கோடாலிக் கட்டையைப் பார்த்தாள்.

"டீச்சர், கத்தி சும்மாதான நிக்கிது? காயிதான வருது?"

"ஆமா."

"அப்ப ஓங்கவே வேணாம்ல."

எனக்குப் புரியச் செத்த நேரம் ஆனது. புரிந்ததும் இருவரும் பூசணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தோம். அந்த அரிவாள்மனையிலேயே ஒரு உடைமரத் துண்டை வைத்துக் குழவியால் அடித்தோம். அலகு கடித்துக்கொண்டு வளைந்துவிட்டது. வளைந்த அரிவாள்மனையையும், கோடாலி சிக்கிய புளியங்கட்டையையும் கொல்லர் ஆறுமுக ஆசாரியின் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

ஆசாரி இரண்டையும் பார்த்தார். எங்களையும் பார்த்தார்.

"வெட்டுறது வேற, பொளக்குறது வேற டீச்சரம்மா. வெட்டுறதுக்கு மெலிசு வேணும். பொளக்குறதுக்குத் தடிப்பு வேணும். மெலிசா இருந்தா உள்ள போயி மாட்டிக்கிரும். பின்னாடி பருத்துருந்தாத்தான் கட்டைய ரெண்டு பக்கமும் தள்ளி விடும்."

"அப்ப இந்தக் கோடாலித் தலை?"

"அதுதான் சரக்கு. ஒங்க கைபட்ட கோடாலி வேற" என்று சிரிக்காமல் சொன்னார்.

அன்று பகல் முழுக்க நாங்கள் அங்கேதான் இருந்தோம். இரண்டு பக்கமும் உளி இறக்கிக் கோடாலித் தலையைப் புளியங்கட்டையிலிருந்து விடுவித்தார். உலையில் பழுக்கக் காய்ச்சி, கூர்முனையைக் கொஞ்சம் மழுக்கி, இரண்டு கன்னமும் உப்பும்படி தட்டினார். பிறகு அதே புளியங்கட்டையைக் கால் முழ உயரத்துக்கு அறுக்கச் சொல்லி, நடுவில் குழி பறித்து, கோடாலியின் முதுகை அதில் இறக்கினார். கூர்முனை வானத்தைப் பார்த்து நின்றது. காம்பு போகிற துளையில் தடித்த கம்பியைச் செருகி, இரண்டு முனையையும் வளைத்துக் கட்டையில் அறைந்தார்.

"புளியங்கட்டை எதுக்கு ஆசாரி? வேற நல்ல கட்டை இல்லையா?" என்றேன். அதைக் கண் முன்னாலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை.

"நீங்க ஊரு பாக்கப் பொளந்தும் பொளக்கல பாருங்க. அடிக்கட்டைக்கு அதுதான வேணும்."

முத்தம்மா அதை வாசலில் வைத்து, மணைப் பலகையில் உட்கார்ந்தாள். ஒரு முழத் துண்டை அலகின் மேல் நிறுத்தி, இடக்கையால் ஒரு பொட்டுப் பிடித்து, கொட்டாப்புளி என்கிற தச்சர் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினாள். அலகு கடித்ததும் கையை எடுத்துவிட்டு ஓங்கி ஒரு அடி. கொட்டாப்புளி அவள் தோளுக்கு மேல் போகவில்லை. கட்டை பிளந்தது. இன்னொன்று வைத்தாள், அதுவும் பிளந்தது. சின்னக்காளை வண்டியை அவிழ்த்துவிட்டு வந்து வெகு நேரம் பார்த்துவிட்டு, "நம்ம கோடாலிதான?" என்றான். "ஆமா. இப்ப அது எங்க கோடாலி" என்றாள் முத்தம்மா.

மறுநாளிலிருந்து தெருப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவரவர் ஒரு யோசனை சொன்னார்கள். கணு உள்ள கட்டையை ஒதுக்கி விடு. பெரிய கட்டையை நடுவில் பிளக்காதே, ஓரத்திலிருந்து சீவிக்கொண்டு வா. வேலை முடிந்ததும் பிள்ளைகள் மிதிக்காதபடி அலகின் மேல் ஓட்டைச் சட்டியைக் கவிழ்த்து வை. இதில் ஒன்றுகூட நான் சொன்னதில்லை. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பொது உரல் மாதிரி தெருவுக்கு ஒன்று போதும் என்று ஊரே தீர்மானித்து, வீட்டில் கிடந்த மழுங்கிய கோடாலிகளை ஆசாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. முத்தம்மா தானே மண் குழைத்து அடுப்பு வாயைப் பழைய அளவுக்குக் கட்டினாள். கோழி வேறு இடம் பார்த்துக்கொண்டது.

சொன்ன நாளில் மரகதம் அம்மாள் பி.டி.ஓ.வோடு ஜீப்பில் வந்தார். பி.டி.ஓ. முத்தம்மா வாசலில் நின்றுவிட்டார். உட்கார்ந்து நாலைந்து கட்டை பிளந்து பார்த்தார். சட்டையெல்லாம் மரத்தூள்.

"பிரமாதமா இருக்கேம்மா. ஒன் யோசனையா?" என்று என்னைக் கேட்டார்.

என் வேலை அந்தக் கேள்வியில் இருந்தது. கமலாவின் பள்ளிக்கூடமும் அதில் இருந்தது. முன்பானால் 'ஆமாம் சார்' என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். மரகதம் அம்மாள் குடை நுனியால் தரையில் கோடு கிழித்துக்கொண்டு நின்றார். வாசலில் கவிழ்த்திருந்த ஓட்டைச் சட்டியைப் பார்த்தேன்.

"இல்ல சார். முத்தம்மா அக்கா யோசனை. கோடாலிய ஒடச்சது மட்டும் நான்."

முத்தம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அது ஒடைக்கலைன்னா எனக்குக் கோடாலித் தலை எங்கிட்டுக் கெடைக்கும் சாமி?"

பி.டி.ஓ. சிரித்துவிட்டார். மரகதம் அம்மாள் சிரிக்கவில்லை. அடுப்பங்கரைக்குப் போனார். உள்ளங்கையை அடுப்பின் மேல் வைத்தார். சாம்பலைக் கிள்ளினார். குழாய்க்குள் கட்டைவிரலை விட்டுச் சுற்றி வெளியே எடுத்தார். நகக்கண் வரை கரி. முத்தம்மாவின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார். அதன் பிறகு என் நோட்டை வாங்கி, ஒரு மாதம் முன்பு மூடிய அதே பக்கத்தைத் திறந்தார். 'பயன்பாட்டில் உள்ளது' என்று நான் எழுதியிருந்த வரிக்கு எதிரே அந்தக் கரி விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார்.

"இப்பப் பாத்துட்டேன்" என்றார்.

வேலை நிலைத்த உத்தரவு கைக்கு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, தாளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு சின்னாளப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். கமலா உத்தரவை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தாள். அப்பாவுக்கு அது வெறும் தாள். அவர் நோட்டைத்தான் புரட்டினார். அந்தப் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இது யாரு வச்ச கைநாட்டு?"

"எங்க மேலதிகாரி அம்மா வச்சதுப்பா."

"அவுக படிச்சவுகதான?"

"பி.ஏ. படிச்சிருக்காங்க."

அப்பா அந்தக் கரி விரலை வெகு நேரம் பார்த்தார். "இதுலதான் ஒன் வேலை நெலச்சுச்சா?"

"ஆமாப்பா. இதுலதான்."

மறுநாள் நான் கரட்டுப்பட்டிக்குத் திரும்பவில்லை. ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். பெரிய பள்ளிக்கூடத்தில் கமலாவின் சேர்க்கைத் தாளை எழுத்தர் மேசையில் விரித்தார். பெயர், ஊர், தொழில் எல்லாம் நான் எழுதினேன். கீழே அப்பா இடது பெருவிரலை மையில் தோய்த்து, அவசரப்படாமல் உருட்டி வைத்தார். ஒட்டிய மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். அந்தச் சன்னலும் வேப்பமரமும் அப்படியேதான் இருந்தன. நான் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.